பழைய கார் மீட்டர் முகப்பைப் புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலை ஒட்டிய சின்ன ஷெட்டில் பழைய கார் மீட்டர்களைத் திறந்து சரிசெய்து கொடுக்கிறேன். ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர், ஆயில் பிரஷர், ஆம்பியர் என்று டேஷ்போர்டில் எது வட்டமாக இருந்தாலும் என் மேசைக்கு வரும். கொண்டுவருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். டயல் என்று நான் சொல்வது, கண்ணாடிக்குப் பின்னால் எண்கள் எழுதியிருக்கும் தகட்டை.

டயல் மங்கிவிட்டது. புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாமா?

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். எண்களைப் படிக்க முடிகிறதா? முடிந்தால் அடிக்காதீர்கள். தூசியைத் துடைத்து, கண்ணாடியைக் கழுவி, அப்படியே மூடிவிடுங்கள்.

இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. வெளியே பளபளவென்று பாலிஷ் போட்ட காருக்குள்ளே மீட்டர் மட்டும் பழசாக இருப்பது உறுத்தும், அது புரிகிறது. ஆனால் அந்த எண்கள் தொழிற்சாலையில் அச்சான எண்கள். 4-இன் வால் எப்படி வளைகிறது, 7-இன் தலை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அந்தக் காருக்கே உரிய கையெழுத்து. ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது. அதனால் என் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் சுத்தம், போதாவிட்டால் போன இடத்தை மட்டும் எழுதும் டச்சப், அதுவும் போதாவிட்டால் மட்டுமே முழுப் பெயின்ட்.

பெயின்ட் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் விட்டுவைக்க முடியாது. செதில் விழுந்து முள்ளுக்கும் சுருள் கம்பிக்கும் நடுவே சிக்கினால் மீட்டரே நின்றுவிடும்.

நம்ம பக்கத்து வண்டிகளில் மட்டும் டயல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

உப்புக் காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாமே கடலுக்குப் பக்கம். மீட்டர் காற்று புகாத டப்பா இல்லை. பின்பக்கத்தில் பல்புக்கும் கேபிளுக்கும் ஓட்டைகள் இருக்கின்றன. பகலில் டேஷ்போர்டு சூடாகி உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் ஈரமும் உப்புமாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தகடு இரும்பாக இருந்தால் பெயின்டுக்கு அடியில் துரு கிளம்பிக் கொப்புளம் விடும். அலுமினியமாக இருந்தால் வெள்ளையாகப் பொடி பூக்கும்.

இரண்டாவது காரணம் பல்பு. ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய மீட்டர்களில் உள்ளே எரிவது 2.2 வாட் குட்டி பல்பு. வெளிச்சம் போதவில்லை என்று யாரோ ஒருவர் 5 வாட் பல்பு மாட்டியிருப்பார். பல்புக்கு நேர் மேலே டயல் காபிக் கறை போலப் பழுத்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய டயலில் ரேடியம் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் உண்டு. இந்தப் பதிலைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டுகிற ‘ரேடியம் ஸ்டிக்கர்’ வேறு. பெயரில்தான் ரேடியம் இருக்கிறது, அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாதாரணத் தாள். நான் சொல்வது நிஜ ரேடியம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இருட்டில் ஒளிர வேண்டும் என்று கடிகாரம், விமானம், கார் மீட்டர்களின் எண்களிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பெயின்டைத் தடவினார்கள். அச்சடித்த எழுத்து தட்டையாக இருக்கும். இது பசை மாதிரித் தடித்து, மஞ்சளாகவோ பழுப்பாகவோ, ஓரங்களில் வெடித்துக் காணப்படும். முள் பல ஆண்டு ஒரே இடத்தில் நின்றிருந்தால் அதன் நிழல் டயலில் சுட்டது போலப் பதிந்திருக்கும்.

‘இப்போது ஒளிரவில்லையே, அப்படியானால் செத்துப்போயிருக்கும்’ என்று நினைக்காதீர்கள். ஒளிர்ந்தது ரேடியம் இல்லை, அதனுடன் கலந்த துத்தநாக சல்பைடு. தேய்ந்துபோனது அதுதான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். உங்கள் காரை விட, நம் எல்லோரையும் விட அது இருக்கும். கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. சுரண்டினாலோ எமரி பேப்பர் போட்டாலோ பொடி பறந்து மூச்சில் ஏறும். உள்ளே போனால் எலும்பில் தங்கிவிடும். அமெரிக்காவில் 1920-களில் டயலுக்குப் பெயின்ட் தடவிய இளம்பெண்கள் பலர் தாடை எலும்பு அரித்து இறந்தார்கள். தூரிகை நுனி கூராக இருக்க உதட்டில் வைத்துச் சுழற்றச் சொல்லி அவர்களைப் பழக்கியிருந்தார்கள். நம்ம ஊர் போர்டு எழுதுகிறவர்களில் சிலருக்கும் அதே பழக்கம் உண்டு. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

சந்தேகம் வந்தால் திறக்காதீர்கள். கதிர்வீச்சு அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். அந்த மாதிரி டயலை நான் தொடுவதில்லை. கண்ணாடியோடு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

மீட்டரை எப்படித் திறப்பது?

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஸ்பீடோ கேபிளின் மறையைக் கையால் திருகி விடுவித்து, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து மீட்டரை எடுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்தபின் கழற்றுங்கள்.

முன்னால் இருக்கும் ரிங் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே நாக்குகள் இருக்கும். ரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் அவை டப்பாவின் வெட்டுக்கு நேராக வந்து கழன்றுவிடும். பல ஆண்டு இறுகியிருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திருப்புங்கள், பிடி கிடைக்கும். இன்னொன்றில் ரிங்கின் ஓரத்தையே பின்பக்கம் மடித்திருப்பார்கள். அதைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஒரே இடத்தில் நெம்பாமல், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

முள்ளைக் கழற்றினால் வேகம் தப்பாகக் காட்டும் என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நல்லது. ஸ்பீடோமீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம், காந்தம் ஓடும் பக்கமே இழுபடுகிறது. தலைமுடி மாதிரி ஒரு சுருள் கம்பி அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். முள்ளை ஒரு டிகிரி தள்ளிச் செருகினாலும் எல்லா வேகமும் தள்ளிப்போகும்.

கண்ணாடியை எடுத்ததும் முள் சுழியத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஆணியில் சாய்ந்திருப்பது தெரியும். அது அதன் சொந்த ஓய்விடம் இல்லை, ஆணி தடுப்பதால் அங்கே நிற்கிறது. முள்ளின் நுனியை மெல்லத் தூக்கி ஆணியைத் தாண்டி விடுங்கள். சுருள் கம்பி தளர்ந்து முள் இன்னும் கீழே போய் நிற்கும். நிற்கும் அந்த இடத்துக்கு நேரே டப்பாவின் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். டயலில் போடாதீர்கள், டயலைத்தான் கழற்றப் போகிறீர்களே. திரும்ப மாட்டும்போது முள்ளை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்து அழுத்திவிட்டு, பிறகு ஆணிக்கு மேல் தூக்கி வைத்தால் சரியாக வரும்.

கழற்றுவதற்கு, டயலின் மேல் தடித்த காகிதம் வைத்து, முள்ளின் குமிழுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டீஸ்பூன் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் அச்சு வளைந்துவிடும்.

பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்களில் முள்ளைக் கையால் தள்ளிப் பார்க்காதீர்கள். பலவற்றில் உள்ளே சூட்டால் வளையும் ஈருலோகப் பட்டை இருக்கிறது. 1960-களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல ஸ்மித்ஸ் மீட்டர்களுக்கு 10 வோல்ட்தான் போக வேண்டும். மேசையில் வைத்து 12 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்துச் சோதிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெறும் தூசிதான். எதால் துடைக்கலாம்?

உலர்ந்த மெல்லிய தூரிகை. அதற்குப் பிறகும் கறை இருந்தால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள்.

தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆரம்பத்தில் ஓர் ஆயில் பிரஷர் மீட்டரின் மேல் இருந்த கிரீஸ் கறையை எடுக்கத் தின்னரைத் தொட்டேன். கறை போவதற்கு முன்னால் ‘60’ போய்விட்டது. பஞ்சில் வெள்ளையாக ஒரு தீற்று, டயலில் வெறும் கறுப்பு. வண்டிக்காரரிடம் அதைச் சொன்ன சாயங்காலம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஓடோமீட்டர், அதாவது வண்டி ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் பகுதி, அதன் சக்கரங்களில் இருக்கும் எண்கள் டயல் எழுத்தை விட மோசம், ஈரம் பட்டாலே வழித்துக்கொண்டு வந்துவிடும். அங்கே தூரிகை மட்டும்.

ஒன்றிரண்டு எழுத்துதான் போயிருக்கிறது. அதை மட்டும் எழுத முடியுமா?

முடியும். வியாசர்பாடியில் நம்பர் பிளேட் எழுதுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஸ்டிக்கர் கட்டிங் மிஷின் வந்தபின் அவருக்கு வேலை குறைந்துவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. மேலே சொன்ன அந்த ‘60’-ஐ அவரிடம்தான் கொண்டுபோனேன். அவர் உடனே தூரிகையை எடுக்கவில்லை. டயலில் மிச்சமிருந்த ‘20’, ‘40’, ‘80’ மூன்றையும் டிரேசிங் பேப்பரில் படியெடுத்து, சுழியம் எல்லாவற்றிலும் ஒரே அகலமா என்று பார்த்தார். ‘80’-இன் மேல்வட்டம் கீழ்வட்டத்தை விடச் சின்னது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அதிலிருந்து ‘6’-இன் வயிறு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டார்.

அப்புறம் வெள்ளை எனாமலில் ஒரு சொட்டு மஞ்சளும் தீக்குச்சி நுனியளவு பிரவுனும் கலந்தார். தனி வெள்ளையில் எழுதினால் பக்கத்து எண்கள் அழுக்காகத் தெரியும். அணில் வால் முடித் தூரிகையில் நாலைந்து முடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிளேடால் நறுக்கினார். சுண்டுவிரலை மேசையில் ஊன்றி, மூச்சை நிறுத்தி, ‘6’-ஐ இரண்டே இழுப்பில் போட்டார். மேலிருந்து கீழே ஒன்று, வயிற்றைச் சுற்றி இன்னொன்று. தப்பினால் காய்வதற்குள் துடைக்க, டர்பன்டைனில் தொட்டுப் பிழிந்த தீக்குச்சிப் பஞ்சு இடது கையில் தயாராக இருந்தது. அது தேவைப்படவில்லை.

உங்கள் பேட்டையில் இப்படி ஒருவர் இன்னும் இருந்தால் அவரைத் தேடிப் போங்கள். எந்த மிஷினாலும் இந்த வேலை ஆகாது.

முழுதாகப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

சுரண்டுவதற்கு முன்னால் பதிவு. டயலை ஸ்கேனரில் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வைத்து 1,200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். போன் படம் ஓரங்களில் வளையும், அதை நம்பி வரைந்தால் வட்டம் முட்டையாகிவிடும். ரிங் மூடியிருந்த ஓரத்தையும் திருகாணித் தலைக்கு அடியையும் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில்தான் அசல் நிறம் மிச்சமிருக்கும். கறுப்பு என்று நாம் நினைப்பது பல டயல்களில் நல்ல கறுப்பு இல்லை, கரும்பழுப்பு அல்லது கருஞ்சாம்பல்.

ஸ்கேனை வைத்து கோரல் டிரா என்ற வரையும் மென்பொருளில் கோடு கோடாக வரைய வேண்டும். கணினியில் இருக்கும் ரெடிமேட் எழுத்துருவைப் போடாதீர்கள். அசல் எண்ணின் மேலேயே ஓட்டி வரையுங்கள். இந்த ஒரு வேலைக்கே எனக்கு இரண்டு மூன்று ராத்திரி ஆகும்.

தகட்டில் காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது பித்தளை. பழைய பெயின்டைத் தின்னரில் ஊறவைத்து எடுத்துவிட்டு, 800 நம்பர் வாட்டர் பேப்பரை லேசாக ஓட்டுங்கள். அலுமினியத்துக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் இல்லாமல் எதுவும் பிடிக்காது. பாடிக்கு அடிக்கிற மாதிரி கனமாக அடித்தால் ஓட்டைகளின் ஓரம் தடித்து, திருகாணி உட்காராது. எல்லாமே மெல்லிய கோட்.

அடுத்தது வானிலை. தின்னரில் கரையும் என்.சி. பெயின்டை ஐப்பசி, கார்த்திகையில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் பனியாக இறங்குகிறது, கறுப்பு சாம்பலாகிறது. கோடையில்கூட மத்தியானக் கடல்காற்று திரும்பியபின் நான் அடிப்பதில்லை. வெயில் ஏறிய பிறகு, காற்று திரும்புவதற்கு முன்னால், அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் நம்முடையது. மேட் கறுப்பு, சுமார் ஒரு ஜாண் தூரத்திலிருந்து, மூன்று மெல்லிய கோட். பளபளப்பு வேண்டாம், ராத்திரியில் பல்பு வெளிச்சம் கண்ணில் அடிக்கும்.

எழுத்துக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான் என் தேர்வு. பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு இது தினசரி வேலை. ஆனால் மை இறங்குவதற்காகச் சட்டத்தில் கட்டும் துணி, பத்திரிகைக்குப் போடுகிறது போதாது, இருப்பதிலேயே நெருக்கமான துணியைக் கேளுங்கள். அப்போதுதான் மெல்லிய கோடு பல் பல்லாக உடையாமல் விழும். டயலின் திருகாணி ஓட்டைகளுக்குப் பொருந்துகிற மாதிரி பலகையில் இரண்டு ஆணி அடித்துவிட்டால் தகடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். வெள்ளை காய்ந்த பிறகு சிவப்பு. முதலில் ஒரு பிஸ்கட் டின் மூடியில் அதே கறுப்பு அடித்து, அதே மையை ஓட்டிப் பாருங்கள். சில மைகள் என்.சி. பெயின்டைக் கடித்துவிடும்.

ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிட்டால் போதாதா?

ஒட்டலாம், ஆனால் நான் செய்வதில்லை. பூட்டிய கார் வெயிலில் நிற்கும்போது டேஷ்போர்டு கொதிக்கும். ஒரு கோடை தாண்டினால் ஓரம் சுருண்டு முள்ளைத் தட்டும். ஒரு கடையில் ஒட்டிக்கொடுத்த டயலைத் திறந்து பார்த்தேன். பசை உருகி, ஸ்டிக்கரே கீழே இறங்கியிருந்தது. நின்ற வண்டியில் மணிக்கு மூன்று மைல் வேகம்.

டயலின் அடியில் பொடியாக ஓர் எண் இருக்கிறதே, அதையும் எழுத வேண்டுமா?

கட்டாயம். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர்களில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் 1000, 1600 போல ஓர் எண் இருக்கும். ஒரு மைல் போக கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு அது. கியர்பாக்ஸோ பின் ஆக்ஸிலோ மாறினால் எந்த மீட்டர் பொருந்தும் என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. அழகுக்கு இடையூறு என்று அதை விட்டுவிட்ட டயல்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அடுத்து அதைத் திறக்கும் மெக்கானிக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

மைல் டயலைக் கிலோமீட்டராக மாற்றி எழுதலாமா?

60 மைல் என்பது சுமார் 96.6 கிலோமீட்டர். கோடுகளைச் சரியான இடத்துக்கு நகர்த்தி எழுதினால் முள் வேகத்தைச் சரியாகவே காட்டும். ஆனால் உள்ளே ஓடோமீட்டரின் பல்சக்கரங்கள் மைலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். டயல் ஒரு பேச்சு, சக்கரம் ஒரு பேச்சு. அதோடு, 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ 40 கார்களைப் பூட்டிய காலம் மைல் காலம். இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்ததே 1956-இல்தான். நம்ம வடசென்னையில் பிறந்த வண்டி மைலிலேயே பேசட்டும் என்பது என் ஆசை. வேண்டுமென்றால் 30, 50-க்கு நேரான கிலோமீட்டரைச் சின்னச் சீட்டில் எழுதி வெயில் மறைப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

ஓடோமீட்டரைச் சுழியத்துக்குத் திருப்பித் தருவீர்களா?

மாட்டேன். வாங்குகிறவரை ஏமாற்றும் வேலை அது.

முள்ளுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஒரே ஒரு மெல்லிய கோட். முள்ளின் வாலில் எடை வைத்துச் சமன் செய்திருப்பார்கள். நுனியில் பெயின்ட் தடித்தால் அந்தச் சமன் கெட்டு, முள் தொங்கும்.

மிக்ஜாம் வெள்ளத்தில் டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறியது. மீட்டர் பிழைக்குமா?

2023 டிசம்பருக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வந்தது. சேறு காய்வதற்கு முன்னால் திறந்திருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி அலசி, நிழலில் ஃபேன் காற்றில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் பெயின்ட் தூக்கிக்கொள்ளும். சேறு காய்ந்து இறுகியிருந்தால் சுரண்டாதீர்கள், ஈரப் பஞ்சை மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள்.

உள்ளே எல்.இ.டி. பல்பு போடலாமா?

சூடு குறைவு என்பதால் டயலுக்கு நல்லதுதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். சாதாரண எல்.இ.டி. அங்கே தலைகீழாக இருக்கும், எரியாது. வெளிச்சம் மங்கல் என்றால் முதலில் டப்பாவின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே அடித்த வெள்ளை பழுத்திருக்கும். அதைப் புதிதாக அடித்தாலே பழைய 2.2 வாட் பல்பு போதும்.

மூடும்போது சிலிகான் வைத்து அடைத்துவிடலாமா?

புளித்த காடி வாசம் வருகிற சிலிகான் வேண்டாம். அந்த வாசமே அசிட்டிக் அமிலம்தான், உள்ளே தகட்டை அரிக்கும். புது ரப்பர் வளையம் போட்டு, வறண்ட நாளில் மூடுங்கள். மழைநாளில் மூடினால் உள்ளே அடைபட்ட ஈரம் கண்ணாடியில் மூட்டமாக நிற்கும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. வேகம் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாதவரம் 200 அடி சாலைக்குப் போங்கள். எண்ணூர் பக்கம் வேண்டாம், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இந்தச் சோதனை ஆகாது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவர் கையில் போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் சாலையைப் பாருங்கள். மணிக்கு 20, 30, 40 மைல் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்ச தூரம் வேகம் மாறாமல் ஓட்டுங்கள். மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் முள் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, திரும்பக் கழற்றிப் பென்சில் கோட்டுக்கு நேராக வைத்தால் போதும். வேகம் ஏற ஏற வித்தியாசமும் ஏறினால் முள்ளைத் தொடாதீர்கள். டயர் அளவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் காந்தமோ சுருள் கம்பியோ தளர்ந்திருக்கும். முள் ஆடிக்கொண்டே இருந்தால் மீட்டரில் பெரும்பாலும் குறை இல்லை. கேபிளை உருவி, துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டுங்கள். மேல் முனையில் நாலு விரல் அளவுக்குக் கிரீஸ் தடவாமல் விடுங்கள், இல்லையென்றால் அது ஏறி, நீங்கள் இவ்வளவு பாடுபட்ட டயலில் வந்து சேரும்.